லேப்டாப்பில் யாரும் ஒட்டாத ஸ்டிக்கர்

இதை ஆண்ட்ராய்டு போனில் படித்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் லினக்ஸ் ஆள்தான். ஆண்ட்ராய்டின் அடிமட்டத்தில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். "லினக்ஸா? அது கறுப்புத் திரையில இன்ஜினீயருங்க தட்டுறதாச்சே" என்று சொல்கிறவர்கூட, காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக அதைத்தான் தடவிப் பார்க்கிறார். உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் இருக்கும் அத்தனையும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன.

ஆனால், லேப்டாப்பைத் திறந்து கீபோர்டுக்குக் கீழே கை வைக்கும் இடத்தைப் பாருங்கள். பிராசஸர் கம்பெனியின் ஸ்டிக்கர் பளபளக்கும். சில மெஷின்களில் விண்டோஸ் ஸ்டிக்கரும் இருக்கும். லினக்ஸுக்கு ஒரு ஸ்டிக்கர்? தேடினாலும் கிடைக்காது.

அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1991-ல் இன்டெல் நிறுவனம் 'இன்டெல் இன்சைட்' என்ற விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் தங்கள் விளம்பரத்தில் அந்த லோகோவைப் போட்டால், செலவில் ஒரு பங்கை இன்டெல் கொடுக்கும். அதுவரை கம்ப்யூட்டருக்குள் எந்த சிப் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு நம் சித்தப்பாக்கள்கூடக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அதே 1991-ல், ஆகஸ்ட் 25 அன்று, பின்லாந்தின் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது 386 பிராசஸரை நம்பியே எழுதப்பட்டிருப்பதால் வேறு மெஷின்களுக்குப் போவது சந்தேகம்தான் என்றும் அதில் சொல்லியிருந்தார். விளம்பரம் கிடக்கட்டும், தன் பொருளைத் தானே குறைத்துச் சொன்ன அறிவிப்பு அது. இன்றைக்கு அது ஓடாத பிராசஸர் வகையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வாரம் இதை எழுதக் காரணம், அருவங்காட்டிலிருந்து ஒரு வாசகி அனுப்பியிருந்த மெயில். மூத்த பையன் பிளஸ் டூ படிக்கும்போது கொடுத்த அரசு லேப்டாப் வீட்டில் இருக்கிறது. இப்போது பெண் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப். லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு மாற்றப் போனால், 'உங்கள் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை' என்கிற மாதிரி ஒரு செய்தி வருகிறது. குன்னூரில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "பிராசஸர் பழசும்மா, இனிமே இதுக்கு எதுவும் வராது. எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்களாம். 'பையன் இப்பத்தான் வேலைக்குப் போயிருக்கான் தம்பி. புதுசுன்னா ஈஎம்ஐதான். நிஜமாவே அது செத்துப்போச்சா?' என்று முடித்திருந்தார்.

சாகவில்லை அம்மா. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் இன்னும் ஒரு வருடம், அதாவது 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் 8-ம் தலைமுறை பிராசஸரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட கோடு. சொற்ப விதிவிலக்குகள் உண்டு. 2017-18 வாக்கில் கைக்கு வந்த லேப்டாப்கள் பெரும்பாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். அப்டேட் இல்லாத மெஷினில் நெட் பேங்கிங் செய்வது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. ஆக, விண்டோஸ் 10-லேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று நானும் சொல்ல மாட்டேன்.

மீதிப் பாதிதான் தவறு. அந்த பிராசஸர் கணக்குப் போடுவதை மறந்துவிடவில்லை. அதற்கு எழுதுவதை ஒரு நிறுவனம் நிறுத்திவிட்டது, அவ்வளவே. இன்னொரு விஷயம். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு 'பாஸ்' என்கிற லினக்ஸையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. 2007-ல் முதல் பதிப்பு வந்தது. ஸ்விட்ச் போட்டதும் 'எது வேண்டும்' என்று ஒரு மெனு வருமே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வகுப்பில் அதை எல்லோரும் ஏதோ எரர் என்றுதான் நினைத்தோம். அது என்ன, எதற்கு என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரு இயங்குதளம் இலவசமாக வந்து சேர்ந்து, அறிமுகம் செய்துவைக்க ஆளில்லாமல் திரும்பிப் போனது.

சரி, பிராசஸருக்கும் இயங்குதளத்துக்கும் அப்படி என்ன பந்தம்? அருவங்காட்டுக்காரர்களுக்கு இதை ரயிலை வைத்தே சொல்லிவிடலாம். மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயிலைக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவது நீராவி எஞ்சின். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த பாதை இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்து ஏறும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அதுதான் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டிக்குப் போகும். பெட்டிகள் அதேதான், ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டவர்களும் அதே ஆட்கள்தான். பாதைக்கு ஏற்ற மாதிரி எஞ்சின் மட்டும் மாறுகிறது.

பிராசஸர்தான் பாதை. ஒவ்வொரு வகை பிராசஸருக்கும் புரிகிற கட்டளைகள் வேறு. இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கு ஒரு மொழி. உங்கள் போனில் இருக்கும் ஆர்ம் வகைக்கு வேறு மொழி. கெர்னல்தான் எஞ்சின். நாம் பயன்படுத்தும் புரோகிராம்கள் பெட்டிகள். புதிதாக ஒரு பாதை போட்டால், அதற்கு எஞ்சின் செய்து தர யாராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பாதையாக இருந்தாலும் அதில் மாடுதான் மேயும்.

மூடிய மென்பொருளில் எஞ்சினின் வரைபடம் ஒரு கம்பெனியின் பெட்டகத்தில் இருக்கும். எந்தப் பாதைக்கு எஞ்சின் செய்வது, எதற்கு நிறுத்துவது என்பது அவர்கள் முடிவு. ஓப்பன் சோர்ஸ் என்றால் வரைபடம் எல்லோரிடமும் இருக்கிறது. நீலகிரி ரயிலின் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. அவை தேய்ந்தபோது நம் திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்தது. ஏறக்குறைய அந்த மாதிரிதான்.

இதில் லினக்ஸ் எவ்வளவு வேகம் என்பதற்கு ஒரு பழைய கதை. 2003 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் ஆப்டெரான் என்கிற 64 பிட் சிப்பை வெளியிட்டது. இன்று நம் லேப்டாப்களில் இருக்கும் 64 பிட் வகையின் முன்னோடி அது. சிப் கையில் கிடைப்பதற்கு முன்பே, மென்பொருளால் ஆன போலி சிப் ஒன்றில் ஓட்டிப் பார்த்து லினக்ஸைத் தயார் செய்துவிட்டார்கள். ஜெர்மனியின் சூசே நிறுவனத்து ஆட்கள் அதில் முக்கியமானவர்கள். அதே சிப்புக்கான விண்டோஸ் எக்ஸ்பி 64 பிட் பதிப்பு வந்தது 2005 ஏப்ரலில். இரண்டு வருடம் தாமதம். இந்த வித்தியாசம் அன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? (சூசே என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சில வருடங்கள் கழித்து எல்காட் நிறுவனம் அரசு அலுவலகங்களுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்களில் சூசே லினக்ஸ்தான் போட்டது.)

இன்றைக்கு இன்டெல்லும் ஏஎம்டியும் புது சிப் கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அதற்கான நிரல்களை லினக்ஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சர்வர்கள் எல்லாம் லினக்ஸில் ஓடும்போது, அதில் ஓடாத சிப்பை யாரிடம் விற்பது? அனுப்பாதவர்களும் உண்டு. 2020 நவம்பரில் எம்1 சிப்போடு மேக் கம்ப்யூட்டரை விட்ட ஆப்பிள், உள்ளே என்ன இருக்கிறது என்று லினக்ஸ்காரர்களுக்குக் குறிப்பு எதுவும் தரவில்லை. அசாஹி லினக்ஸ் என்ற தன்னார்வலர் குழு அதைத் தோண்டித் துருவிப் புரிந்துகொண்டது. 2021 ஜூனில் வந்த லினக்ஸ் 5.13-ல் எம்1-க்கான முதற்கட்ட ஆதரவு சேர்ந்துவிட்டது. பூட்டு எந்த வகை என்று தெரியாமலே சாவி செய்த மாதிரி.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

பிராசஸரின் மொழியும் ஒரு சொத்து. இன்டெல்லின் மொழியில் சிப் செய்ய நினைத்தால் முடியாது, அந்த உரிமை விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளிடம்தான் இருக்கிறது. ஆர்ம் மொழி என்றால் லைசென்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும். 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய மொழி ஒன்றை வடிவமைக்கத் தொடங்கியது. பெயர் ரிஸ்க்-ஃபைவ். ஆபத்து என்ற ரிஸ்க் இல்லை. குறைவான கட்டளைகளைக் கொண்ட சிப்புகளுக்கு ரிஸ்க் என்று பெயர், அந்தப் பல்கலைக்கழகம் செய்த ஐந்தாவது வடிவம் இது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டது சென்னை ஐ.ஐ.டி. கணினி அறிவியல் துறையில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு 'சக்தி' என்ற பெயரில் பிராசஸர்களை வடிவமைத்தது. (காமகோடிதான் இப்போது ஐ.ஐ.டி-யின் இயக்குநர்.) மொழி மட்டுமல்ல, சக்தியின் வடிவமைப்பும் ஓப்பன் சோர்ஸ். வேண்டுகிறவர்கள் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம்.

தேதிகளைக் கவனியுங்கள். 2017-ல் ஜிசிசி என்கிற கம்பைலர் ரிஸ்க்-ஃபைவைக் கற்றுக்கொண்டது. நாம் எழுதும் நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றித் தரும் கருவி அது. 2018 ஜனவரி 28-ல் வெளியான லினக்ஸ் 4.15-ல் ரிஸ்க்-ஃபைவுக்கான ஆதரவு சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரான 300 சக்தி சிப்புகள் சென்னைக்கு வந்தன. ரைஸ்கிரீக் என்று பெயர். அதில் லினக்ஸ் பூட் ஆனது. 400 மெகாஹெர்ட்ஸ் வேகம்.

'பூட் ஆனது' என்றால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். வடிவமைத்த சிப் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதற்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரல். நினைவகம், நேரக்கணக்கு, ஒரே சமயத்தில் பல வேலை என்று எல்லாவற்றையும் ஒருசேரத் தொட்டுப் பார்க்கும். ஒரு கட்டளையைத் தப்பாகப் புரிந்துகொண்டாலும் அப்படியே நின்றுவிடும்.

இப்போது இதைத் திருப்பிப் போட்டு யோசியுங்கள். லினக்ஸ் என்று ஒன்று இல்லை. சென்னையில் ஒரு பேராசிரியரும் மாணவர்களும் சிப் வடிவமைத்துவிட்டு, 'இதற்கு ஒரு இயங்குதளம் எழுதித் தாருங்கள்' என்று ரெட்மண்டில் இருக்கும் கம்பெனிக்குக் கடிதம் போடுகிறார்கள். 300 சிப்புக்காக யார் எழுதுவார்கள்? இன்றைக்கு வரை விண்டோஸுக்கு ரிஸ்க்-ஃபைவ் பதிப்பு இல்லை. லினக்ஸ் விஷயத்தில் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த வரிசை நிற்கவில்லை. அதே 2018-ல் சண்டிகர் அருகே உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில், அதாவது நம் நாட்டிலேயே, 180 நானோமீட்டரில் ஒரு சக்தி சிப் தயாரானது. 2020 செப்டம்பரில் மௌஷிக். (பெயரைக் கேட்டதும் பிள்ளையாரின் மூஞ்சூறு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) 2022 ஏப்ரலில் மத்திய அரசு ரிஸ்க்-ஃபைவுக்காகவே டிஐஆர்-வி என்ற திட்டத்தை அறிவித்தது. 2025 பிப்ரவரியில், இஸ்ரோவும் சென்னை ஐ.ஐ.டி-யும் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் சிப்பை அறிவித்தன. அதுவும் சக்தி வழி வந்ததுதான். தனி வரிசையாக, சி-டாக் நிறுவனம் வேகா என்ற பெயரில் ரிஸ்க்-ஃபைவ் சிப்புகள் செய்கிறது. 2025 டிசம்பரில் அறிவித்த துருவ்64, 1 கிகாஹெர்ட்ஸ் வேகம் கொண்டது.

இந்த வேகங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1990-களின் இறுதியில் வந்த பென்டியம் அளவு வேகம்தான் 400 மெகாஹெர்ட்ஸ். உங்கள் போனின் சிப் இதைவிடப் பல மடங்கு வேகம். அடுத்த பொங்கலுக்கு சக்தி லேப்டாப் வாங்கலாம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். இவற்றின் இடம் மீட்டர், ஸ்மார்ட் கார்டு, கட்டுப்பாட்டுக் கருவி, ராக்கெட். அங்கே வேகத்தைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரிந்திருப்பதுதான் முக்கியம். நூறாண்டுகளைத் தாண்டிய கார்டைட் ஃபேக்டரி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு, நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டியதை நாமே செய்வது ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை.

கெர்னல் மட்டும் இருந்தால் போதாது, பெட்டிகளும் வேண்டும். 2012-ல் மைக்ரோசாஃப்ட் ஆர்ம் சிப்பில் ஓடும் விண்டோஸ் ஆர்டி-யை விட்டது. எஞ்சின் தயார், ஆனால் மக்கள் வைத்திருந்த பழைய புரோகிராம் எதுவும் அதில் ஓடவில்லை. அடுத்த வருடமே அந்த சர்ஃபேஸ் டேப்லெட்டுகளுக்காக 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். ஓப்பன் சோர்ஸில் புரோகிராம்களின் மூலநிரலும் கையில் இருப்பதால், புது சிப்புக்காக மறுபடி கம்பைல் செய்துவிடலாம். சொல்வது சுலபம். தன்னார்வலர்கள் நடத்தும் டெபியன் என்ற இயங்குதளத்தில் 69,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் உண்டு. ஒவ்வொன்றாக ரிஸ்க்-ஃபைவில் கட்டி, உடைந்ததைச் சரிசெய்து, மறுபடி கட்டி... வருடக்கணக்கில் நடந்த வேலை அது. 2025 ஆகஸ்ட் 9-ல் வெளிவந்த டெபியன் 13-ல்தான் ரிஸ்க்-ஃபைவ் முதன்முறையாக அதிகாரபூர்வமாக இடம்பெற்றது. நம் பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால், இது வேறு யார் வீட்டுக் கல்யாணமோ இல்லை.

இந்த உலகத்திலும் கோடு போடுவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் பிறந்ததே 386 பிராசஸரில் என்றேன் இல்லையா? அந்த 386-க்கான ஆதரவை 2012 டிசம்பரில் கழற்றிவிட்டார்கள். தொட்டிலையே விறகுக்குப் போட்ட கதை. ரிஸ்க்-ஃபைவை வரவேற்ற அதே டெபியன் 13, 32 பிட் மட்டுமே தெரிந்த மிகப் பழைய பிசிக்களுக்கு இன்ஸ்டாலர் தருவதை நிறுத்திவிட்டது. உபுண்டு இன்னும் ஒரு படி மேலே போய், 2025 அக்டோபரில் வந்த 25.10 பதிப்புக்குப் புதிய தலைமுறை ரிஸ்க்-ஃபைவ் சிப் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. அப்போது சந்தையில் இருந்த ரிஸ்க்-ஃபைவ் போர்டுகள் ஏறக்குறைய எல்லாமே அதற்கு வெளியே. வித்தியாசம் ஒன்றுதான். உபுண்டு கைவிட்டால் டெபியன் இருக்கிறது, டெபியன் கைவிட்டால் வேறொருவர் எடுத்து நடத்தலாம். ஒரே ஒரு கடை சாத்தினால் ஊரே பட்டினி என்ற நிலை இல்லை.

இவ்வளவு நடந்தும் இது ஏன் அருவங்காடு வரை வந்து சேரவில்லை? 2018-ல் சக்தி பற்றி வந்த தலைப்புச் செய்திகளில் 'இந்தியாவின் முதல்' என்ற சொற்கள் பெரிதாக இருந்தன. அதில் ஓடியது லினக்ஸ் என்பது கடைசி வரிகளில் எங்கோ இருக்கும். டெபியன் தன் பெரிய சாதனையை அறிவித்த விதத்தைப் பார்த்தால் அரசாணை மாதிரி இருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் இல்லை, சரி. ஆனால், புரியும்படி சொல்லும் ஆசைகூட இல்லையோ என்று சில சமயம் எனக்குக் கோபம் வரும். வாங்குகிறவருக்கு எதிரில் நிற்பவர் கடைக்காரர் மட்டுமே. அவருக்குப் புது லேப்டாப் விற்றால்தான் லாபம். அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

மொழிச் சிக்கல் வேறு. 'செயலி' என்றால் இன்று எல்லோருக்கும் ஆப். பாடப்புத்தகத்தில் மைக்ரோபிராசஸருக்கு நுண்செயலி. 'இந்தச் செயலியில் அந்தச் செயலி ஓடாது' என்று எழுதினால் யாருக்குப் புரியும்? அதனால்தான் இந்தப் பத்தி முழுக்க பிராசஸர் என்றே எழுதியிருக்கிறேன், தமிழாசிரியர்கள் மன்னிக்கவும். தமிழில் இதையெல்லாம் விடாமல் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 'கணியம்' 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாக வெளியிடுகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஆன்லைனில் தமிழிலேயே கூட்டம் நடத்துகிறது. சந்தேகம் கேட்டால் சலிக்காமல் பதில் சொல்வார்கள். கூடலூர் தாண்டி நாடுகாணி வழியாகக் கேரளாவுக்குள் இறங்கினால், அங்கே அரசுப் பள்ளிகளில் பல வருடங்களாகவே லினக்ஸ்தான். பத்தாம் வகுப்பு ஐ.டி தேர்வையே அதில்தான் எழுதுகிறார்கள். நம் பிளஸ் ஒன் பாடநூலிலும் உபுண்டு பற்றிய பகுதி இருக்கிறது. வீட்டில் லேப்டாப்பும் இருக்கிறது. இரண்டும் சந்தித்துக்கொண்டால் போதும்.

அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றால், முதலில் எதையும் அழிக்க வேண்டாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். லினக்ஸ் மின்ட் அல்லது பாஸ், அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து டவுன்லோடு செய்யுங்கள். மின்ட் என்றால் சுமார் 3 ஜிபி. மழைக்காலத்தில் சிக்னல் படுத்துகிற ஊர் என்றால், நல்ல இணைப்பு உள்ள சொந்தக்காரர் யாரிடமாவது செய்து வாங்கிக்கொள்ளலாம். ரூஃபஸ் என்ற இலவசப் புரோகிராம் மூலம் அதைப் பென்டிரைவில் ஏற்றுங்கள். சாதாரணமாக காப்பி செய்தால் வேலைக்கு ஆகாது. பென்டிரைவில் இருக்கும் பழைய ஃபைல்கள் போய்விடும் என்பதால் காலியானதாகப் பார்த்து எடுங்கள்.

பிறகு லேப்டாப்பை ஆன் செய்த உடனே எஃப்12 அல்லது எஃப்9-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால், எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். மெதுவாகத்தான் இருக்கும், பென்டிரைவ் அல்லவா. வைஃபை பிடிக்கிறதா, சவுண்டு வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் எழுந்துகொள்கிறதா என்று ஒரு நாள் முழுக்கச் சோதியுங்கள். பிடிக்கவில்லையா? பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

பிடித்திருந்தால், போட்டோக்கள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்த பிறகே இன்ஸ்டால் செய்யுங்கள். 4 ஜிபி ரேம் என்றால் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு லேசாக இருக்கும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் மெஷின் புதுப்பிறவி எடுக்கும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் நான் முதலில் அதைத்தான் செய்வேன். பள்ளிப் பாடம், ஆன்லைன் வகுப்பு, பைத்தான், சி++, லிப்ரே ஆபீஸ், யூடியூப் எல்லாம் நடக்கும். டேலி, போட்டோஷாப் மாதிரியானவை பிழைப்புக்கே தேவை என்றால் மாறாதீர்கள். ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் படுத்தலாம்.

புது லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்குப் பிரச்னை தலைகீழ். சிப் நேற்று வந்தது, நீங்கள் போடும் லினக்ஸ் இரண்டு வருடப் பழசு என்றால் வைஃபையே தெரியாது. 'லினக்ஸ் சரியில்லை' என்று திட்டும் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சமீபத்திய கெர்னல் இருக்கும் பதிப்பாகப் பார்த்துப் போடுங்கள். டெபியன் நிதானமாக நகர்வது, புத்தம் புது மெஷினுக்கு உபுண்டு அல்லது ஃபெடோராவின் புதிய பதிப்பு மேல். கடையிலேயே பென்டிரைவைப் போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். சிரிப்பார்கள், ஆனால் பெரும்பாலும் விடுவார்கள்.

தமிழ் தட்டச்சுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஐபஸ் என்ற வசதியில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் உண்டு. அருவங்காட்டு வாசகிக்கு ஒரு கூடுதல் குறிப்பு. உங்கள் பெண்ணையே பென்டிரைவ் தயார் செய்யச் சொல்லுங்கள். நடுவில் எங்காவது நின்றால் திரையில் வரும் செய்தியைப் போனில் போட்டோ எடுத்து, அவரையே எனக்கு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். பிரின்டர் இருந்தால் அதன் மாடல் நம்பரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். லினக்ஸில் இன்னமும் என்னை அழவைப்பது பிரின்டர்தான்.